கொழுகொழு குழந்தைக்கு முதல் பரிசு

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று கேட்டால் ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் கூடியிருந்தால் வாய் திறக்கவே கூசும். கல்யாணத்துக்குப் பிறகு நான் தமிழில் எழுதியது மளிகைச் சீட்டு மட்டும்தான். அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும் என்று நானும் பேசாமல்தான் இருந்தேன். எழுதத் தெரிந்தவர்கள் அன்று அங்கே இருந்தார்கள். அவர்கள் எழுதியது எங்கள் மகளிர் மன்றத்து மலரில் வண்ணப் படத்தோடு வந்திருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

என் கணவர் ஹைதராபாத் பக்கம் ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலையில் கடைசல் மிஷினில் வேலை பார்க்கிறார். திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் கம்பெனி குவார்ட்டர்ஸ்தான் எங்களுக்கு வீடு. இந்த டவுன்ஷிப்பில் ஒரு பெண்ணை அவள் பெயரை வைத்து யாரும் அடையாளம் சொல்ல மாட்டார்கள். புருஷனுக்கு என்ன கிரேடு, வீடு எந்த டைப், அவ்வளவுதான். மகளிர் மன்றத்திலும் அதே கணக்கு. பெரிய அதிகாரிகளின் மனைவிமார் முன்வரிசையில் உட்காருவார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு ‘சுறுசுறுப்பான உறுப்பினர்கள்’ என்று பெயர். அதாவது சமோசா தட்டு தூக்குகிறவர்கள்.

மன்றத்தின் தலைவியும் தமிழ்தான், சென்னைக்காரர். இவ்வளவு வருஷம் ஹைதராபாத்தில் இருந்தும் அவருக்குத் தெலுங்கில் ‘எவ்வளவு’, ‘வேண்டாம்’ என்ற இரண்டும்தான் வரும். காய்கறிக்காரனுக்கு அது போதுமே என்பார்.

மன்றத்தில் வருஷா வருஷம் கொழுகொழு குழந்தைப் போட்டி நடக்கும். மெத்தை போட்ட மேஜையில் குழந்தைகளை உட்கார வைத்து, கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து, எடை போட்டு, எது உருண்டையாக இருக்கிறதோ அதற்குப் பரிசு. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஆசைப்பட்டு நானும் தூக்கிக்கொண்டு போனேன். அப்போது இருந்த தலைவி மைக்கிலேயே, “ஏம்மா, பிள்ளைக்குச் சோறு கீறு போடறியா இல்லையா?” என்று கேட்டார். கூடம் முழுக்கச் சிரித்தது. அந்த ஒல்லிப் பிள்ளை இப்போது இன்ஜினியரிங் படிக்கிறது. அன்று முதல் பரிசு வாங்கிய உருண்டை ஏதோ மருந்து சாப்பிட்டு இளைத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. மாட்டுச் சந்தையில்கூட பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். எங்கள் மன்றத்தில் அதுவும் கிடையாது.

போன வருஷம் மன்றம் ஒரு கிராமத்தைத் தத்தெடுத்தது. தத்தெடுப்பது என்றால் பேனர் கட்டிப் படம் எடுத்துக்கொள்வது. சங்காரெட்டி பக்கம், பருத்திக் காடுகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர் அது.

“அங்க இருக்கிற குழந்தைங்களுக்காக ஏதாவது செய்யணும். நியூட்ரிஷன்னா என்னன்னே அவங்களுக்குத் தெரியாது” என்றார் தலைவி.

என்ன செய்யலாம் என்று ஒருத்தர் கேட்டார்.

“நம்ம போட்டியையே அங்க நடத்தலாமே. பரிசுன்னு ஒண்ணு வச்சாத்தான் அந்த அம்மாங்க பிள்ளைங்களைக் கவனிப்பாங்க.”

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாவிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள்.

போட்டி என்றால் கூட்டம் சேராதோ என்று பயம் வந்துவிட்டது. முந்தின நாளே ஒரு ஆட்டோவில் மைக் கட்டி, பட்டணத்திலிருந்து பெரிய டாக்டரம்மா வந்து குழந்தைகளைப் பார்க்கப்போகிறார் என்று தெருத் தெருவாகச் சொல்ல வைத்தார்கள். அந்தப் பெரிய டாக்டரம்மா தலைவியின் மருமகள். பல் டாக்டர். வேனில் எனக்கு முன் சீட்டில்தான் இருந்தார்.

“அத்தை, எனக்குக் குழந்தைங்களைப் பத்தி ஒண்ணும் தெரியாது. பாதிக்குப் பல்லே முளைச்சிருக்காது.”

“பல்லும் உடம்புலதானேம்மா இருக்கு. நீ அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கிட்டு உக்காரு, போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

அன்று ஞாயிற்றுக்கிழமை. அங்கன்வாடி பூட்டிக் கிடந்தது. கிராமத்துக் குழந்தைகளின் எடையும் உயரமும் பார்க்கிற டீச்சர் ஊரில் இல்லை. விடுமுறை நாளில்தான் எங்களுக்கு வேன் கிடைக்கும், அவருக்கும் அன்றுதான் விடுமுறை. பூட்டிய கதவின் மேல் எங்கள் பேனரைக் கட்டி, வாசலில் மேஜை போட்டோம். குழந்தைகளைத் தூக்கி எடை மெஷினில் வைப்பதும், தலைவி பேசுவதைத் தெலுங்கில் சொல்வதும் என் வேலை. அந்த ஊர்க்காரர்கள் பேசியதை இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குத்தான் போட்டி. வரிசையில் முதலாவதாக நின்ற பெண் கையில் ஒரு பெண் குழந்தை. வயது மூன்று முடிந்துவிட்டது என்றாள்.

“பொய் சொல்றா. ஒன்றரை வயசுக்கு மேல இருக்காது. சேத்துக்க” என்றார் தலைவி.

நான் அதைப் பதமாகச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “பெத்தவ நான்தானேம்மா? அந்த மேடம் கூட இருந்தாங்களா?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்று தலைவி கேட்டார். சரி என்கிறாள் என்றேன்.

இப்படியே பல குழந்தைகள் வந்தன. தாய் பிள்ளையின் வயதைச் சொல்லுவாள், தலைவி அதிலிருந்து ஒன்றோ இரண்டோ குறைப்பார். மூன்று வயதுக் குழந்தை ஏன் ஒன்றரை வயதுபோல் இருக்கிறது என்று அவருக்கு ஒரு கேள்வி வரவில்லை. “இந்தப் பக்கத்து ஆளுங்களே குட்டைதான். பரம்பரை” என்று மருமகளிடம் சொன்னார். அடிக்கடி வயிறு போய், சளி பிடித்து, ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒரு சுற்று இளைத்துப்போன பிள்ளைகள் அவை. வரிசையில் நின்ற தாய்மார் ஒவ்வொருத்தியும் எங்களிடம் அதைத்தான் சொல்ல வந்திருந்தாள். சொல்ல வாய் திறப்பதற்குள் எடை எழுதி, ஒரு பிஸ்கெட் பாக்கெட் கொடுத்து நகர்த்தினோம்.

கடைசியில் வந்தவள் சின்னப் பெண். வயிற்றில் அடுத்தது இருந்தது, ஏழு மாதம் இருக்கலாம். இடுப்பில் ஒரு ஆண் குழந்தை. அவனைப் பார்த்ததும் தலைவி எழுந்தே விட்டார்.

“அடடா! இங்க பாரு, கன்னத்தை! இத்தனை நேரமும் குச்சி குச்சியா பாத்துப் பாத்து எனக்கே அலுத்துப்போச்சு.”

கன்னம் இரண்டும் தொங்கின. கையும் காலும் பளபளவென்று இருந்தன. முடி மட்டும் மெலிசாக, சோள நார் நிறத்தில் இருந்தது.

“முடியப் பாத்தியா? பார்லர்ல காசு குடுத்து வாங்கற கலர்!”

நான் அவனைத் தூக்கி மெஷினில் வைத்தேன். மற்ற பிள்ளைகள் எல்லாம் மெஷினில் வைத்ததும் வீலென்று கத்தி, என் சேலையைப் பிடித்துத் தொங்கின. இவன் வைத்த இடத்தில் இருந்தான். அழவில்லை. கிலுகிலுப்பையை ஆட்டியபோது அதைப் பார்க்கவும் இல்லை. தூக்கும்போது என் விரல் அவன் கணுக்காலில் அழுந்தியது. கையை எடுத்த பிறகும் அந்த இடம் குழியாகவே இருந்தது. பிசைந்த மாவில் விரல் வைத்ததுபோல். அது என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் பிடிக்கவில்லை.

மருமகளும் எதையோ பார்த்திருக்க வேண்டும். “கன்னம் கொஞ்சம் வீங்கின மாதிரி இல்ல, அத்தை?”

“பல் டாக்டர் கண்ணுக்குக் கன்னம்னாலே வீக்கம்தான்!” என்றார் தலைவி. பக்கத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மருமகளும் சிரித்தார். அதோடு அவருடைய டாக்டர் வேலை முடிந்தது.

நல்ல நடத்தைக்கு என்று தனியாக ஐந்து மதிப்பெண் வைத்திருந்தோம். அழாத பிள்ளை என்று அந்த ஐந்தும் அவனுக்கே போனது.

அந்தப் பெண் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள். “அக்கா, டாக்டரம்மா எப்பப் பாப்பாங்க? போன மாசம் பேதி வந்துச்சு. நின்ன பிறகு இப்படி ஆயிட்டான். சாப்பிடறதில்ல. சிரிக்கறதில்ல. முன்னெல்லாம் அழுது ஊரைக் கூட்டுவான், இப்ப அழுகையே இல்ல.”

நான் தலைவியிடம் சொன்னேன். “பிள்ளைக்கு உடம்பு சரியில்லைங்கறா மேடம்.”

“கண்ணு பட்டுடும்னு அப்படித்தான் சொல்லுவாங்க. உனக்குத் தெரியாதா? நம்ம ஊர்லயும் உண்டே.”

பேசிக்கொண்டே அவன் தலையில் தங்கக் காகிதக் கிரீடத்தை வைத்தார். தோளில் பட்டுப் பட்டை. தாயின் கையில் ஒரு சத்து மாவு டப்பா. தாய், “மருந்து?” என்று கேட்டாள். அதை நான் மொழிபெயர்ப்பதற்குள் படம் எடுத்து முடித்துவிட்டார்கள். வேன் கிளம்பும்போது அவள் ஓடி வந்து என் போன் நம்பரைக் கேட்டாள். எனக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. கொடுத்தேன்.

சில நாள் கழித்துப் பகல் சமையல் நேரத்தில் போன் வந்தது.

“அக்கா, கால் இன்னும் ஊதிப்போச்சு. தோலு உரியுது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா அவரு கேக்கல. முதல் பரிசு வாங்கின பிள்ளைக்கு ஆஸ்பத்திரியா, பைத்தியமா உனக்குங்கறாரு. மாமியாரும் அதையே சொல்றாங்க. அந்தப் பெரிய மேடத்தைக் கொஞ்சம் போன்ல பேசச் சொல்லுங்கக்கா. பரிசு தப்பா குடுத்துட்டோம்னு ஒரு வார்த்தை. அவங்க சொன்னாத்தான் கேப்பாரு.”

இதற்கு முன்னால் அவள் சொல்லியிருந்தால் அந்த மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாரோ என்னவோ. இப்போது எங்கள் பரிசு குறுக்கே நின்றது. நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தலைவியின் பங்களாவுக்குப் போனேன். அங்கே தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. கேட்டில் நின்று திரும்பிவிடலாமா என்று பார்த்தேன்.

தலைவி டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “அதெப்படி, குடுத்த பரிசைத் திருப்பி வாங்கறது?” என்றார்.

“வாங்க வேணாம் மேடம். தெரியாம குடுத்துட்டோம்னு அவரு கிட்ட ஒரு வார்த்தை...”

“தெரியாமயா? டாக்டரை வச்சுப் பாத்துக் குடுத்தது! நீ என்ன டாக்டரா?”

“இல்ல மேடம்.”

“மலருக்குப் படம் போயாச்சு. எம்.டி. சார் வீட்டுக்கே அனுப்பியாச்சு. இப்ப போய் அது நோஞ்சான் பிள்ளைன்னா மன்றத்தோட மானம் என்னாகறது? அந்தப் பொண்ணு இன்னொரு டப்பாவுக்கு அடி போடறா. நீ நம்பிட்டு வந்து நிக்கற. வேணும்னா ஒரு டப்பா எடுத்துட்டுப் போ, அலமாரில இருக்கு.”

வெளியே வந்து கேட்டை மூடிய பிறகுதான் நல்ல நல்ல பதிலாக வந்தது. அவற்றை எல்லாம் இங்கே எழுதினால் அச்சில் வராது.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். “உனக்கு எதுக்கு இந்த வம்பு? நாளைக்கு எனக்கு ஷிஃப்ட் மாத்திடுவாங்க” என்றார். என் மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வளர்ந்தவள். தமிழில் கேட்டால் எல்லா மொழியும் கலந்து பதில் சொல்லுவாள். ‘வேண்டாம்’ என்பதற்குக்கூட ஹைதராபாத் உருதுவில் ‘நக்கோ’தான்.

“மம்மி, அந்த ஆன்ட்டிகிட்ட மறுபடி போறது நக்கோ. வேஸ்ட். அந்த அப்பாவுக்குப் பரிசுதானே பிடிக்குது? செகண்ட் ரவுண்டு இருக்குன்னு சொல்லு. டிவி ஷோல எல்லாம் இருக்கே. ஃபைனல் பெரிய ஆஸ்பத்திரிலன்னு சொல்லு.”

“பொய்யா?”

“ஆன்ட்டி பல் டாக்டரை டாக்டர்னு சொல்லலையா? அது மட்டும் நிஜமா?”

மறுநாள் காலை என் கணவர் ஷிஃப்டுக்குப் போகும் முன் ஸ்கூட்டரில் என்னைக் கொண்டுபோய் அந்த ஊரில் விட்டார். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார், ஆனால் விட்டார்.

குழந்தையின் தகப்பன் டிராக்டர் ஓட்டுகிறவர். டீக்கடையில் இருந்தார். கடைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் கிரீடம் வைத்த பிள்ளையின் படம் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, “பரிசு குடுத்த மேடம் வந்திருக்காங்க” என்று எல்லோரிடமும் சொன்னார். பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்தார். எனக்கு என் வாழ்நாளில் அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை, அதுவும் தப்பான காரணத்துக்கு.

“பையனுக்கு ரெண்டாவது ரவுண்டு இருக்கு. பட்டணத்துல, அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரில. இன்னிக்கே வரணும்” என்றேன்.

“ஃபைனலா மேடம்?”

“ஆமா. அங்க பெரிய டாக்டருங்க பாப்பாங்க.”

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், “அப்போ பரிசு என்ன, ஃபிரிட்ஜா?” என்று கேட்டார். “டப்பாதான்டா, இந்தத் தடவை பெரிய டப்பா” என்றார் இன்னொருவர். “இவன் மூஞ்சிக்கு ஃபிரிட்ஜ் குடுத்தா உள்ள கள்ளு வச்சுக் குடிப்பான்” என்றார் மூன்றாவது ஆள். தகப்பன் எதற்கும் கோபிக்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைக்குப் பட்டையையும் கிரீடத்தையும் போட்டே தூக்கி வந்தார். அவர் மனைவி என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் மாற்றுத் துணிகளையும் ஒரு போர்வையையும் பைக்குள் திணித்தாள். ஃபைனலுக்குப் போர்வை எதற்கு என்று அவர் கேட்டார். குளிருமாம் என்றாள்.

ஆட்டோவில் வழி நெடுக அவர் பிள்ளையோடு பேசிக்கொண்டு வந்தார். பிள்ளை எதையும் பார்க்காமல் தாயின் தோளில் கிடந்தான். கிரீடம் இரண்டு தடவை விழுந்தது. இரண்டு தடவையும் அவரே எடுத்துத் துடைத்து வைத்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒரு பெண். முதலில் கிரீடத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது. அது மேலே வரவில்லை. முடியை விரலில் பிடித்துப் பார்த்தார், கையோடு வந்தது. என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார். பால் குடி மறந்ததிலிருந்து கஞ்சித் தண்ணீரும் டீயில் நனைத்த பிஸ்கெட்டும் என்றாள் தாய். இப்போது சில நாளாகச் சத்து மாவு, அதையும் துப்புகிறான்.

தகப்பன் போனில் இருந்த படத்தை டாக்டரிடம் நீட்டினார். “மேடம், இவன் முதல் பரிசு வாங்கினவன்.”

டாக்டர் படத்தைப் பார்த்தார். “யாரு குடுத்தது?”

தாயும் தகப்பனும் என்னைப் பார்த்தார்கள். “எங்க மன்றம்” என்றேன்.

அந்த டாக்டர் தகப்பன் பக்கம் திரும்பி, “இது சதை இல்லப்பா. தண்ணி. உடம்புல சத்து இல்லாம நீர் கோத்திருக்கு. இது வடிஞ்சா உள்ள இருக்கிறது எலும்புதான். இவன் அழாம இருக்கிறது சமத்து இல்ல, அழறதுக்குத் தெம்பில்ல. இன்னும் தாமதிச்சிருந்தா கஷ்டம். உடனே சேக்கணும்” என்றார்.

“அப்போ ஃபைனல்?” என்று தகப்பன் என்னிடம் கேட்டார். பிறகு அவருக்கே புரிந்துவிட்டது. பிள்ளையின் தோளில் இருந்த பட்டையை மெதுவாக எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“பரிசு குடுக்கறவங்க பிள்ளையைப் பாத்துட்டுக் குடுக்க மாட்டாங்களா அக்கா?” என்று மட்டும் கேட்டார். அதுவரை மேடம் என்று கூப்பிட்டவர் அப்போதுதான் அக்கா என்றார்.

மலரில் வந்திருக்கும் கட்டுரையில் ‘கிராமத்துத் தாய்மார்களிடையே விழிப்புணர்வு’ என்று போட்டு, கீழே அந்தப் படம் இருக்கிறது. கிரீடம், பட்டை, தொங்கும் கன்னம், பக்கத்தில் தலைவி. ‘ஆரோக்கியமே செல்வம்’ என்று எழுதியிருக்கிறார்கள். இந்த வருஷமும் போட்டி உண்டாம். வேறு கிராமம். மேஜைக்கு விரிக்கத் துணி கேட்டு என்னிடம் ஆள் அனுப்பினார்கள். துணி வெளுக்கப் போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

போன வருஷம் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் நல்ல மழை, நான் போகவில்லை. மத்தியானம் தாய் போன் செய்தாள். மூக்கில் குழாய் போட்டுப் பால் கொடுத்தார்களாம். குழாய் போடும்போது அழுதானாம்.